காளவாயின் குழாய்ப்பிடியில் இரண்டு அம்புகள்

போன மாதம் ஜெலாப்பாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் யாழினி. ஈப்போவுக்கு வெளியே குன்றடியில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த சுண்ணாம்புக் காளவாயில், இப்போது லேப்பில் இருக்கிறாளாம். காளவாய் என்றால் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற உயரமான சூளை. உட்காருவதற்கு முன்பே கைப்பேசியை நீட்டினாள்.

“பாருங்கம்மா. பழைய காளவாய் உச்சியில, புகைக்குழாய்ப் பிடிக்குப் பக்கத்துல செவப்புச் சாயத்துல ரெண்டு அம்பு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. இப்பச் சாயம் அடிக்க ஆளு வந்திருக்காங்க. அழிக்கலாமான்னு கேட்டா, யாருக்குமே தெரியல லா. வாசல் காவலுக்கு இருக்கிற ஜாகாதான் உங்க பேரச் சொன்னாரு.”

“நான் போட்டதுதான்” என்றேன்.

“எதுக்கும்மா?”

அவளுக்கு ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போகும்வரை சொன்னேன். எழுந்து போகும்போது, “இதை நீங்களே எழுதுங்கம்மா, நான் சொன்னா ஆபீசுல நம்பமாட்டாங்க” என்றாள். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். ஓர் எழுத்தை யோசித்து, அடுத்த எழுத்தைத் தேடி எழுதுவேன். இதற்கு மூன்று வாரம் ஆனது. படிப்பவர்களும் அவசரப்பட வேண்டாம்.

சித்தியவான் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டம் கைமாறியபோது எனக்கு முப்பது வயது. பால்வெட்டுக் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாதவள், குன்றடிக்கு வந்து சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கூடை தூக்கினேன், கையைப் புண்ணாக்கிக்கொண்டேன். வேர்வையும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தோல் வெந்துவிடும் என்று தெரிந்து, காலையில் கைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கப் பழகினேன். நாலு வருடத்தில் கல் பிரிக்கும் பெண்களுக்கு என்னை மண்டோராக, மேற்பார்வையாளாக, வைத்தார்கள். பன்னிரண்டு பெண்கள் என் பேச்சைக் கேட்டார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

கல் பிரிப்பது எப்படி என்று சொல்கிறேன். காளவாயில் மேலிருந்து கல்லைக் கொட்டி நிரப்புவார்கள். நடுவில் எண்ணெய்த் தீ. நாலைந்து நாள் எரிந்து, ஆறிய பிறகு, கீழ்வாயைத் திறந்து இரும்புக் கொக்கியால் இழுப்பார்கள். அடியில் இருந்த கல் முதல் நாள் வரும். உச்சியில் இருந்தது நாலாம் நாள் வரும். துத்தநாகத் தகடு போட்ட மேசையில் அதைப் பரப்பினால், நாங்கள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்போம். நன்றாக வெந்த கல், சுடாத பச்சைக்கல்லின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். உருவம் அதே உருவம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். லேசானது வலப்பக்கச் சாக்குக்குப் போகும். கனமானது இடப்பக்கக் குவியலுக்கு, மறுபடியும் தீக்கு.

கனமான கல்லை உடைத்துப் பார்த்தால் மாம்பழம் மாதிரி இருக்கும். சுற்றிலும் வெந்த சதை, நடுவில் வேகாத கொட்டை. தீ வெளியிலிருந்து உள்ளே போவதால், கடைசியாக வேகிற இடம் நடுதான்.

தண்ணீர்ச் சோதனையும் உண்டு. பீங்கான் பேசனில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு சீறும், வெடிக்கும், தண்ணீர் தானாகக் கொதிக்கும், கல் பூத்து மாவாக விழும். இதைத்தான் நீற்றுவது என்போம். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அடுப்பில்லாமல் எப்படிக் கொதிக்கிறது, தீயிலே வாங்கிய சூட்டை ஆறிய கல் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். “ஒனக்கு வேற வேலையில்லையா அஞ்சல?” என்பார் எங்களோடு வேலை செய்த சின்னப்பன் அண்ணன்.

இந்தச் சோதனையை முதல் கூடைக்கு மட்டுமே செய்வோம். கீழ்வாயைத் திறந்ததும் முனியாண்டிக்குச் சூடம் கொளுத்தி, முதல் கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பேசனில் போடுவோம். கொதித்தால் சாமி உத்தரவு கொடுத்த மாதிரி. அதன் பிறகு நாலு நாளும் கைதான் சோதனை. யார் வைத்த வழக்கமோ தெரியாது. நாங்கள் மாற்றவில்லை.

படிக்கத் தெரியாத பெண்களுக்காக நான் ஒரு வழி வைத்திருந்தேன். சாக்கின் வாயை முதல் நாள் சிவப்பு நூலில் கட்டுவோம், அடுத்த நாள் மஞ்சள், அப்புறம் பச்சை, கடைசி நாள் நீலம். சாக்கைப் பார்த்தாலே கல் காளவாயில் எந்த உயரத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். இது என் யோசனை.

சின்னப்பன் அண்ணன்தான் தீக்காரர். ஐம்பத்தைந்து வயது, கம்பெனி கொடுத்த வீட்டில் நோயாளி மனைவியோடு இருந்தார். வேலை போனால் வீடும் போகும். தீயின் நிறத்தைப் பார்த்தே எண்ணெயைக் கூட்டிக் குறைப்பார்.

அப்போது மேனேஜராக வந்தவர் தேவராஜ் சார். தைப்பிங்காரர், யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்தவர், வயதில் என்னைவிட இளையவர். அவர் கத்தியதை நான் பார்த்ததில்லை. காதில் பேனாவைச் செருகியிருப்பார். எதைச் சொன்னாலும் “எப்படித் தெரியும்?” என்று கேட்பார். “மழை வரும்போல இருக்கு சார்” என்றாலும் “எப்படித் தெரியும்?” முதல் வருடம் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன். என் கையை நம்பாதவன் நீ யாருடா என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவர் நம்பாமல் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது பிறகுதான் புரிந்தது.

காளவாய்க்கு எதிரே புதிய தாமான், வீடமைப்புக் குடியிருப்பு, வந்தது. வீட்டுக்காரர்கள், துணியிலும் காரிலும் வெள்ளைத் தூசி படிகிறது என்று புகார் கொடுத்தார்கள். அதுவரை காளவாயின் மேல்வாய் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. தேவராஜ் சார் அதற்கு இரும்பு மூடி போட்டு, புகை போவதற்கு ஒரே ஒரு குழாய் வைத்தார். குழாயைத் திறந்து மூட ஒரு பிடி. இன்னொரு மாற்றமும் செய்தார். முன்பெல்லாம் தீயை நிறுத்தினால் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, கீழேயிருந்து காற்றை ஊதி ஆறவைப்போம். அப்படிச் செய்ததில் உள்சுவர்ச் செங்கல் வெடிக்கிறது என்று, இனிமேல் தீயை மெல்லக் குறைத்து ஒரு பகலும் ஓர் இரவும் சின்னத் தீயாக வைக்க வேண்டும், அந்த நேரம் தூசி பறக்காமல் குழாயை முக்கால்வாசி மூட வேண்டும் என்றார். தாளில் எழுதி ஒட்டியும் வைத்தார். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தவைதான்.

அப்படி ஆறவைத்த முதல் சூளையைப் பிரித்தோம். சிவப்பு நூல், மஞ்சள் நூல் நாட்களில் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் ஒரு கல்லை எடுத்தேன். கை ஒரு நொடி நின்றது. கனம் என்று சொல்ல முடியாது, லேசு என்றும் சொல்ல முடியாது. அடுத்த கல்லும் அப்படியே. பக்கத்தில் இருந்த பெண்கள் கடகடவென்று வலப்பக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் ஏன் தெரிகிறது? முந்தின வாரம்தான் என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கைக்கு வயதாகிவிட்டது, எடை மறக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். சொன்னால் மண்டோர் வேலை போய்விடும். வாயைத் திறக்காமல் நானும் வலப்பக்கம் போட்டேன். நீல நூலைக் கட்டினேன்.

பத்து நாள் கழித்து ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு லோரி வந்தது. இறால் குட்டை வைத்திருக்கும் காதர் பாய், எங்கள் பழைய வாடிக்கையாளர். ஆபீஸ் வாசலிலேயே ஒரு சாக்கைக் கவிழ்த்தார்.

“என்னாங்க இது? சுண்ணாம்பு கேட்டா கல்லக் குடுத்து விட்டிருக்கீங்க! டிரம்முல போட்டுத் தண்ணிய ஊத்திட்டு ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே நின்னேன். கொதிக்கவே இல்ல லா. இதக் குட்டையில போட்டா எறாலு ஏறி உக்காந்து வெயிலு காயும், அதுக்குத்தான் ஒதவும்!”

எங்களுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. தேவராஜ் சார் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். வெளியே கட்டியாக, கல்லாகவே இருந்தது. தீ போதவில்லை என்று முடிவுகட்டினார். உச்சி மீட்டரில் கடைசி நாள் சூடு குறைவாகப் பதிந்திருந்தது. தீக்காரர் தூங்கிவிட்டார் அல்லது வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஆபீசில் பேச்சு எழுந்தது. சின்னப்பன் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “நா எங்கயும் போகல சார்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்று நாள் விசாரணை நடந்தது. மூன்று நாளும் நான் பேசவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

பேசாமல் இருந்தேனே தவிர, சும்மா இருக்கவில்லை. திரும்பி வந்த சாக்குகளைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீல நூல். சிவப்பும் மஞ்சளும் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் மூடிக்கு அடியில், உச்சியில் இருந்த கல் மட்டும்தான் கெட்டிருக்கிறது. ஒரு கல்லைச் சுத்தியலால் உடைத்தேன். இரண்டு பாதியையும் கையில் எடுத்துப் பார்த்தேன். மாம்பழத்தைக் காணோம். தேங்காய் இருந்தது. வெளியே ஓடு மாதிரி கெட்டியாக ஒரு சுற்று, உள்ளே வெள்ளை வெளேரென்று வெந்த சுண்ணாம்பு.

உள்ளே வெந்து, வெளியே வேகாத கல் எந்த உலகத்தில் உண்டு? பத்துக் கல்லை உடைத்தேன். பத்தும் தேங்காய்தான். ஓட்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் சின்னப்பன் அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், கடிதம் தயாராகிவிட்டது என்று ஒரு பெண் ஓடிவந்து சொன்னாள்.

பேசன், தண்ணீர் வாளி, சுத்தியல், இரண்டு கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மேசையில் கடிதம், எதிரில் சின்னப்பன் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சார், கொஞ்சம் வெளிய வாங்க.”

“பேசிக்கிட்டிருக்கோம்லக்கா. அப்புறம் வாரேன்.”

“பேசி முடிச்சிட்டா நீங்க வந்தும் பிரயோஜனமில்ல. இப்பவே வாங்க.”

வந்தார். அவர் பின்னாலேயே சின்னப்பன் அண்ணனும் வந்தார். முழுக்கல்லைப் பேசனில் வைத்துத் தண்ணீரை ஊற்றினேன். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை.

“அதான் நானும் சொல்றேன். பச்சக்கல்லு. தீ பத்தல” என்றார் சார்.

“இப்பப் பாருங்க.” இன்னொரு கல்லை ஓங்கி அடித்து, இரண்டு பாதியையும் போட்டேன். “தள்ளி நில்லுங்க சார்!”

அவர் தள்ளி நிற்கவில்லை. சீறிக்கொண்டு கொதித்த தண்ணீர் அவர் கால்சட்டையில் தெறித்தது.

“சார், நீங்க படிச்சவரு. தீ வெளியேருந்து உள்ள போகுமா, உள்ளேருந்து வெளிய வருமா?”

“வெளியேருந்து உள்ள.”

“அப்ப உள்ள வெந்திருக்கே, வெளிய கல்லா இருக்கே. எப்படி?”

பேனாவைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு குந்தினார். ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்தார்.

“இது ஆரம்பத்துலேருந்தே பச்சையா இருந்துச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்?”

அன்றைக்குத்தான் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. “நம்ம குன்றுக்கல்லு சீனி மாதிரி மினுங்கும் சார். வேகாத கொட்டையக்கூட ஒடச்சா மினுங்கும். இந்த ஓடு மினுங்கல. செத்த வெள்ளை. இது ஒரு தடவ வெந்த கல்லு. வெந்து, மறுபடியும் கல்லாப் போயிருக்கு. அதுவும் நீல நூலு மட்டும். மூடிக்குக் கீழ இருந்தது மட்டும்.”

அவர் ஓட்டுத் துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, “திரும்பிப் போயிருக்கு” என்றார்.

தரையில் கொட்டிக் கிடந்த சுண்ணாம்புத் தூளில் பேனாவின் பின்பக்கத்தால் கோடு கிழித்து எனக்குச் சொன்னார். கல்லுக்குள் ஒரு வாயு அடைந்திருக்கிறது. சூடு ஏறினால் அது வெளியே வரும், மிஞ்சுவது சுண்ணாம்பு. அதற்கு ஓர் அம்பு போட்டார். ஆனால் அதே வாயு சுண்ணாம்பைத் தொட்டால் மறுபடியும் உள்ளே போய் அதைக் கல்லாக்கவும் பார்க்கும். அதற்கு எதிர்த்திசையில் ஓர் அம்பு.

“ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும்க்கா. போறதும் வரதும் நிக்கிறதே இல்ல. எது ஜெயிக்கும்ங்கறது நாம அந்த எடத்த எப்படி வச்சிருக்கோம்ங்கறதப் பொறுத்தது. சூட்டக் கூட்டினா வெளிய போறது ஜெயிக்கும். வாயுவ வெளிய விட்டுக்கிட்டே இருந்தாலும் அப்படித்தான். சூட்டக் கொறச்சு, வாயுவயும் போக விடாம அடச்சு வச்சா...”

“திரும்பிரும்” என்றேன். “மழக்காலத்துல சன்னல மூடி வச்ச வீட்டுக்குள்ள துணி காயுமா சார்? காஞ்ச துணியக்கூட மாட்டி வச்சா நமுத்துப் போகுது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. “அதேதான்” என்றார். “சின்னத் தீயோட பொகையிலயும் அந்த வாயுதான் இருக்கு. அடியில மிச்சமிருந்த கல்லுலேருந்தும் வந்துக்கிட்டிருந்திருக்கும். எல்லாம் மேல போயி, வழியில்லாம, ஆறிக்கிட்டிருந்த உச்சிக் கல்லுமேல படுத்திருக்கு.” அப்புறம் சின்னப்பன் அண்ணனிடம் திரும்பினார். “தீயக் கொறச்சுட்டுக் கொழாய மூடச் சொன்னது யாரு?”

“நீங்கதான் சார்” என்றார் அவர். “எழுதி வேற ஒட்டியிருக்கீங்க.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாரும் சிரித்திருப்பார். ஆனால் அப்போதுதான் அவருக்கு அடுத்த கேள்வி வந்தது.

“ஏன்க்கா, ஓடு கட்டினா எட கூடியிருக்குமே. ஒங்க கைக்குத் தெரியலியா?”

சின்னப்பன் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மெல்லிய ஓடுதானே, யாருக்குத் தெரியும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். என் பெயரும் நின்றிருக்கும்.

“தெரிஞ்சுது சார்” என்றேன். “கை சொல்லிச்சு. எனக்குத்தான் கைக்கு வயசாயிருச்சோன்னு பயம். மண்டோர் வேல போயிரும்னு சொல்லாம விட்டேன்.”

“விசாரண நடந்தப்பவும் தெரியுமா?” இதைக் கேட்டது சார் இல்லை. சின்னப்பன் அண்ணன்.

“கை தடுமாறினது தெரியும்ண்ணே.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு காளவாய்க்கு நடந்துவிட்டார்.

தேவராஜ் சார் விடவில்லை. என் கண்ணை என் துண்டாலேயே கட்டச்சொல்லி, பத்துக் கல்லை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். ஓடு கட்டியது எது, கட்டாதது எது என்று சொன்னேன். ஒன்பது சரி. பத்தாவது கல் ஈரமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். என்னை மண்டோராகவே வைத்தார். கடிதத்தைக் கிழிக்கவில்லை, மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். “அடுத்த சூள எறங்கட்டும். அதுக்கப்புறம்தான் நமக்கு நெசமாத் தெரியும்” என்றார். அவர் குணம் அப்படி.

அடுத்த சூளைக்கு அதே குன்றுக்கல், அதே எண்ணெய், அதே தீக்காரர். தீயை ஒரேயடியாக நிறுத்தினார்கள். குழாயை முழுக்கத் திறந்து, கீழிருந்து காற்றை அளவாக ஊதினார்கள், செங்கல்லும் வெடிக்காமல் கல்லிலும் வாயு தங்காமல். தூசிக்குக் குழாயின் உச்சியில் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்தார் சார். சிவப்பு, மஞ்சள், பச்சை நூல் நாட்கள் போயின. நாலாம் நாள் நான் வழக்கத்தை மாற்றினேன். கடைசிக் கூடைக்கும் சூடம் கொளுத்தச் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடையின் மேலேயே இருந்த கல்லை, கையில் நிறுத்துப் பார்க்காமல், அப்படியே பேசனில் போட்டேன்.

கல் சும்மா கிடந்தது. சின்னப்பன் அண்ணன் கொக்கியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார். பார்க்காததுபோல் பார்த்தார்.

பிறகு சீறியது. கொதித்துப் பொங்கிப் பேசனுக்கு வெளியே வழிந்தது. மேசை இழுப்பறைக்குள் இருந்த கடிதத்தை சார் அதன் பிறகு எடுக்கவே இல்லை.

சின்னப்பன் அண்ணன் ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. தேநீர் நேரத்தில் நான் போனால் எழுந்து போய்விடுவார். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலை போயிருந்தால் அந்த மனைவியை எங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்?

ஒருநாள் காலையில் என் மேசையில் ஒரு டின் சிவப்புச் சாயமும் ஒரு தூரிகையும் வந்து உட்கார்ந்தன. நிமிர்ந்தால் அவர்.

“கொழாய்ப் பிடிக்கிட்ட எச்சரிக்க போடணும்னு சார் சொல்றாரு. எழுதி ஒட்டினா ஒருத்தனும் படிக்கிறதில்ல. நீயே வந்து எதாச்சும் போடு.”

“எனக்கு என்னண்ணே எழுத வரும்?”

“அன்னிக்குத் தூளுல அவரு ரெண்டு கோடு போட்டாரே, அதப் போடு. தீய நிறுத்துற அன்னிக்கு அதப் பாத்தா எனக்கு ஞாவகம் வந்துரும். அதப் பாக்குறப்ப ஒன் மூஞ்சியும் ஞாவகம் வரும், அத என்ன செய்யிறது!”

ஏணியை அவர் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். வெளியே போகிற அம்பைப் பெரிதாகப் போட்டேன். கீழே இருந்து அவர், “போதும், எறங்கு” என்றார். இறங்கவில்லை. தூரிகையை மறுபடியும் சாயத்தில் தொட்டு, திரும்பி வருகிற அம்பையும் சின்னதாகப் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

யாழினியிடம், அழிக்க வேண்டாம், சாயம் மங்கியிருந்தால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு கொடுங்கள் என்றேன். சின்ன அம்பைத் தேடிப் பார்த்துப் பூசச் சொன்னேன்.